நிலக்கரிக் கணப்பு அடுப்பு: உங்கள் வீட்டுக்கு எந்த அளவு, எந்த வகை?

அமெரிக்காவின் வடகிழக்குப் பென்சில்வேனியாவில் பழைய வீடு வாங்குகிறவர் நிலவறைக்குள் இறங்கிப் பார்த்தால், மூலையில் பலகை அடைத்த கரி அறை ஒன்று பெரும்பாலும் கண்ணில் படும். லக்கவானா, லூசர்ன், கார்பன், ஸ்கூல்கில், நார்தம்பர்லாந்து ஆகிய மாவட்டங்களின் மலைகளில் வெட்டி எடுக்கப்படும் ஆந்த்ரசைட் என்னும் கடின நிலக்கரியைக் கொண்டு வீட்டைச் சூடாக்கும் வழக்கம் இங்கே இன்னும் ஓயவில்லை. எண்ணெய்க் கணப்புக்கு ஆகும் செலவைக் கண்டு மலைத்து, அந்தக் கரி அறையை மறுபடி நிரப்பலாமா என்று யோசிக்கிறவர்களுக்காகவும், கடையில் வரிசையாக நிற்கும் கறுப்பு இரும்புப் பெட்டிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தடுமாறுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இங்கே சொல்வதெல்லாம் ஆந்த்ரசைட்டுக்கு மட்டுமே பொருந்தும். புகையும் கரிப்பிசுக்கும் மிகுந்த பிட்டுமினஸ் கரி வேறு சாதி. அதற்கான அடுப்பும் வேறு, அதை எரிக்கும் முறையும் வேறு.

முதலில் ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நானே செய்திருக்கிறேன். எங்கள் வீடு 1,500 சதுர அடி, இரண்டு மாடி, வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் காப்பு சுமார்தான். விற்பனையாளர் ஒருவர், சிறியதை வாங்கிவிட்டு ஜனவரியில் நடுங்குவதைவிடப் பெரியதை வாங்கித் தணித்து எரிப்பதே மேல் என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. 2,500 சதுர அடிக்கு உரியது என்று அட்டையில் போட்டிருந்த அடுப்பை வாங்கினேன். ஜனவரியில் குறை ஒன்றும் இல்லை. அக்டோபரிலும் மார்ச்சிலும்தான் பாடு: காற்றைச் சற்று விட்டால் ஜன்னலைத் திறக்க வேண்டியிருந்தது, காற்றைக் குறைத்தால் நெருப்பு அவிந்தது. ஒரே வாரத்தில் மூன்று முறை விறகுச் சிராய் வைத்துப் புதிதாக மூட்டினேன். ஆந்த்ரசைட்டை ஒரு முறை மூட்டிப் பிடிக்க வைப்பதற்கே ஒரு மணி நேரம் ஓடிவிடும். இரண்டு குளிர்காலம் பார்த்துவிட்டு அதை விற்றுச் சிறியதை வாங்கினேன்.

ஆகவே, ஓர் அடுப்பு உச்சத்தில் எவ்வளவு வெப்பம் தரும் என்பதை மட்டும் வைத்து இன்னோர் அடுப்போடு ஒப்பிடக் கூடாது. அவியாமல் எவ்வளவு தணிந்து எரியும், ஒரு முறை நிரப்பினால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பு வீட்டுக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பது தெரிந்தாக வேண்டும்.

வீட்டின் தேவையைக் கணக்கிடுதல்

அட்டையில் அச்சிட்டிருக்கும் சதுர அடிக் கணக்கை நம்பிப் பயனில்லை. 1,500 சதுர அடியுள்ள இரண்டு வீடுகளில், சுவரில் காப்பே இல்லாத பழைய பலகை வீட்டுக்கு, அண்மையில் கட்டிய வீட்டைப் போல் இரண்டு மடங்கு வெப்பம் தேவைப்படலாம். உங்கள் வீட்டைப் பற்றி மிகச் சரியாகச் சாட்சி சொல்வது, சென்ற ஆண்டு நீங்கள் கட்டிய எண்ணெய் ரசீதுதான்.

எங்கள் கணக்கையே எடுத்துக்காட்டாகத் தருகிறேன். குளிர்காலம் முழுவதற்குமாக 700 கேலன் எண்ணெய் செலவாயிற்று. ஒரு கேலன் எண்ணெயில் ஏறக்குறைய 1,38,500 பி.டி.யு. (ஒரு பவுண்டு நீரை ஒரு பாகை ஃபாரன்ஹீட் சூடேற்றும் வெப்பமே ஒரு பி.டி.யு.) வெப்பம் அடங்கியிருக்கிறது, கொதிகலன் அதில் 82 சதவீதத்தை வீட்டுக்குத் தருகிறது என்று கொண்டால், வீடு உண்மையில் வாங்கிக்கொண்டது ஏறத்தாழ 795 லட்சம் பி.டி.யு. அதே கொதிகலன் குளிக்கும் நீரையும் சூடாக்குமானால், கோடை மாதங்களில் ஆகும் எண்ணெயை வைத்து அந்தப் பங்கை முதலில் கழித்துவிட வேண்டும். அடுத்ததாக, உங்கள் ஊருக்குரிய கணப்புப் பாகை நாள் எண்ணிக்கை வேண்டும். ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையும் 65 பாகை ஃபாரன்ஹீட்டுக்கு எத்தனை பாகை கீழே இருந்தது என்பதை ஆண்டு முழுவதற்கும் கூட்டினால் வருவதுதான் அது. ஸ்க்ரான்டன் பக்கத்துக்கு 6,000 என்று வைத்துக்கொள்ளலாம். 795 லட்சத்தை 6,000 ஆல் வகுத்து, விடையை 24 ஆல் வகுத்தால், வெளியே ஒரு பாகை குறையும்போது வீடு மணிக்கு எத்தனை பி.டி.யு. இழக்கிறது என்பது கிடைத்துவிடும். எங்கள் வீட்டுக்கு அது சுமார் 550.

இந்த ஓர் எண் கையில் இருந்தால் மற்றதெல்லாம் எளிய பெருக்கல்தான். வெளியே 5 பாகை என்ற கடுங்குளிர் இரவில் 65-க்கும் அதற்கும் வித்தியாசம் 60 பாகை, ஆகவே மணிக்கு 33,000 பி.டி.யு. வேண்டும். சராசரி 26 பாகை இருக்கும் சாதாரண ஜனவரி நாளில் 21,500 போதும். 50 பாகை இருக்கும் ஏப்ரல் நாளில் 8,300 தான். கடையில் 90,000 பி.டி.யு. என்று பெருமையாக எழுதி வைத்திருக்கும் அடுப்புக்கு முன்னால் நின்று இந்த மூன்று எண்களையும் ஒரு முறை மனதில் ஓட்டிப் பாருங்கள்.

அடுத்து இதைக் கரியாக மாற்ற வேண்டும். நல்ல ஆந்த்ரசைட் பவுண்டுக்கு ஏறக்குறைய 12,500 பி.டி.யு. தரும், கையால் கரி போடும் அடுப்பு அதில் 70 சதவீதத்தை வீட்டுக்குள் விடுகிறது என்று கொண்டால், பவுண்டுக்கு 8,750 நிற்கும். அப்படியானால் கடுங்குளிர் நாளுக்கு 90 பவுண்டு, சாதாரண ஜனவரி நாளுக்கு 60 பவுண்டு, ஏப்ரலுக்கு 23 பவுண்டு. ஆண்டு முழுவதற்கும் நாலரை டன் ஆகும். இந்த டன் 2,000 பவுண்டு கொண்ட அமெரிக்க டன் என்பதை நினைவில் வையுங்கள்.

தீயறையைத்தான் ஒப்பிட வேண்டும்

வில்க்ஸ்-பாரியில் ஜெஸ்ஸி ஃபெல் என்பவர் 1808 பிப்ரவரி 11 அன்று ஆந்த்ரசைட்டைத் திறந்த இரும்புத் தட்டியில், அதாவது சாம்பல் கீழே விழ இடைவெளி விட்ட சட்டத்தில், வைத்து எரித்துக் காட்டினார் என்பது இந்தப் பகுதியில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. அதற்குள் அடங்கியிருக்கும் பாடத்தைத்தான் அடுப்பு வாங்குகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். இந்தக் கரிக்குக் காற்று அடியிலிருந்து வந்து, கங்குப் படுகை முழுவதையும் ஊடுருவி மேலேற வேண்டும். மேலே காற்று வீசி இதை எரிக்க முடியாது. அதனால் தட்டியின் பரப்பும் அதன் மீது நிற்கும் படுகையின் ஆழமும் சேர்ந்துதான் அடுப்பின் உண்மையான அளவு. வெளிக்கூட்டின் உயரமோ அகலமோ எதையும் சொல்லாது.

அளவுநாடாவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கதவைத் திறந்து, தட்டியின் நீள அகலத்தையும், தட்டியிலிருந்து நெருப்புச் செங்கல்லின் மேல் விளிம்பு வரையுள்ள உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். 14 அங்குலத்துக்கு 14 அங்குலத் தட்டியும் 10 அங்குல ஆழமும் இருந்தால், கொள்ளளவு ஒரு கன அடிக்குச் சற்று மேல். கன அடிக்கு 53 பவுண்டு என்று வைத்தால் 60 பவுண்டு கரி நிற்கும். இதில் மூன்றில் ஒரு பங்கு அடுத்த நிரப்புக்கான கங்காக எப்போதும் உள்ளே இருந்தாக வேண்டும். மீதி 40 பவுண்டு 12 மணி நேரத்தில் எரியுமானால் மணிக்கு 29,000 பி.டி.யு. கிடைக்கும். எங்கள் வீட்டின் கடுங்குளிர்த் தேவையான 33,000-க்கு இது சற்றே குறைவு. அந்த ஓரிரு இரவுகளில் படுக்கப் போகும் முன் இன்னொரு முறை கரி போட்டுக்கொள்கிறேன். மற்ற நூற்றைம்பது நாளும் காலையும் மாலையும் போதுமாக இருக்கிறது. மிகக் குளிர்ந்த சில இரவுகளுக்காக ஒரு படி பெரிய அடுப்பை வாங்குவதைவிட, அந்த இரவுகளில் ஒரு முறை கூடுதலாக எழுந்து பார்ப்பது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம். எண்ணெய்க் கொதிகலனையும் கழற்றாமல் துணைக்கு வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலையும் இல்லை.

பெரிய அடுப்பில் பாதிக் கரி போட்டு எரித்தால் ஆகாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஆகாது. விறகைப் போல் ஆந்த்ரசைட் இரண்டு துண்டாகக் கிடந்து எரிவதில்லை. படுகை ஆழமாக இருந்தால்தான் ஒன்றின் சூட்டில் ஒன்று கங்காகும். செங்கல்லின் மேல் விளிம்பு வரை நிரப்பிக் காற்றைக் குறைப்பதே தணித்து எரிக்கும் முறை. அந்தத் தணிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. தட்டி பெரிதாக ஆக அந்த எல்லையும் உயரும். நான் விற்றுவிட்ட அடுப்பு நாளுக்கு 40 பவுண்டுக்குக் கீழே இறங்க மறுத்தது, ஏப்ரலில் எனக்கு வேண்டியதோ 23.

அடுப்பை நிலவறையில் வைக்கிறவர்கள் மட்டும் கணக்கைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். காப்பு இல்லாத கற்சுவர் வெப்பத்தில் கணிசமான பங்கை உறிஞ்சி மண்ணுக்குக் கொடுத்துவிடும். மேல்தளத்துக்குச் சூடு ஏறவும், குளிர்ந்த காற்று திரும்பி இறங்கவும் வழி இருக்க வேண்டும். படிக்கட்டுக் கதவை மூடி வைத்துவிட்டு அடுப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

மூன்று வகைகள்

கரித் துண்டின் அளவு தெரியாமல் அடுப்பின் வகை விளங்காது. பெயர்கள் பாதிக்கு மேல் சமையலறையிலிருந்து வந்தவை. 5 முதல் 8 மில்லிமீட்டர் வரை உள்ளது ரைஸ், அதாவது அரிசி. 14 வரை பக்வீட், அதுவும் ஒரு தானியம். 21 வரை பீ, நம் பட்டாணி. 41 வரை நட், அதாவது கொட்டை. அதற்கு மேல் 62 வரை ஸ்டவ். கையால் போடும் அடுப்புகள் பெரும்பாலும் நட் கரியையும் சில ஸ்டவ் கரியையும் கேட்கும். எந்திர அடுப்புகள் ரைஸும் பக்வீட்டும் தின்னும். தட்டியின் இடைவெளிக்கு ஒவ்வாத அளவைப் போட்டால், கரி எரியாமல் சாம்பல் தட்டில் போய் விழும், அல்லது காற்று போக வழியின்றி அடைத்துக்கொள்ளும். அடுப்பைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, உங்கள் ஊர்க் கரிக்கடையில் எந்த அளவு எப்போதும் கிடைக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

முதல் வகை, கதவைத் திறந்து வாளியால் கரி கொட்டும் சாதாரண அடுப்பு. பென்சில்வேனியாவின் ஹாலிஃபாக்ஸில் செய்யப்பட்ட ஹார்மன் மார்க் வரிசை இந்தப் பக்கத்து வீடுகளில் இன்றும் எரிகிறது. மின்சாரம் வேண்டாம், பழுதாக அதிகம் ஒன்றுமில்லை. இரண்டாவது, அதே தீயறைக்கு மேலே ஹாப்பர் என்னும் கரிப்பெட்டி பொருத்தியது. எரிய எரியக் கரி தானாகச் சரிந்து இறங்கும். இந்தியானாவின் பெர்ன் ஊரிலிருந்து வரும் ஹிட்ஸர் அடுப்புகள் இதற்குப் பெயர் பெற்றவை. படுகையின் ஆழம் எப்போதும் ஒரே அளவில் நிற்பதால் சூடு ஏற்ற இறக்கமின்றி வரும். நடுவில் ஒரு முறை கரி போடும் வேலையும் மிச்சம். இரண்டுக்கும் நடுவே தடுமாறுகிறவர்களுக்கு நான் ஹாப்பரையே சொல்வேன். கரி ஈரமாகவோ பொடி கலந்தோ இருந்தால் பெட்டிக்குள் பாலம் போல் கட்டிக்கொண்டு இறங்காமல் நிற்கும் என்பதும், ஹாப்பர் மூடி காற்றுப் புகாமல் பொருந்தவேண்டும் என்பதும் அதன் குறைகள். மூடியின் ஓரத்து நார்க்கயிற்றைக் கடையிலேயே விரலால் தடவிப் பாருங்கள்.

மூன்றாவது வகை ஸ்டோக்கர். ஸ்கூல்கில் ஹேவனின் கீஸ்டோக்கர், ப்ளூம்ஸ்பர்கின் அலாஸ்கா போன்றவை இதைச் செய்து வந்திருக்கின்றன. சிறு மோட்டார் ஒன்று ரைஸ் கரியைச் சாய்ந்த தட்டின் மீது சிறிது சிறிதாகத் தள்ளுகிறது, விசிறி அடியிலிருந்து காற்றை ஊதுகிறது, அறையின் சூட்டை அளக்கும், சுவரிலிருக்கும் தெர்மோஸ்டாட் இரண்டையும் ஆட்டிவைக்கிறது. எரிவது மெல்லிய படுகை என்பதால், மற்ற இரண்டு வகையும் அவிந்துபோகும் அளவுக்குத் தணிந்தும் இது எரியும்; வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் தொல்லையே இல்லை. அளவைத் தேர்ந்தெடுப்பதில் சிறு பிழை நேர்ந்தாலும் ஸ்டோக்கர் மன்னித்துவிடும். ஆனால் மின்சாரம் போனால் நெருப்பும் சற்று நேரத்தில் போய்விடும். பனிப்புயலில் மின்கம்பி அறுந்து இரண்டு நாள் இருளில் கிடந்த அனுபவம் உள்ளவர்கள், பேட்டரியோ ஜெனரேட்டரோ இல்லாமல் இதை வாங்கத் தயங்குவது நியாயமே. மோட்டாரும் விசிறியும் இடைவிடாமல் எழுப்பும் சிறு ஓசையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது; வாங்கும் முன் எரிந்துகொண்டிருக்கும் ஒன்றின் அருகே பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.

வெந்நீர் ரேடியேட்டர் உள்ள பெரிய வீட்டுக்கு அடுப்பே வேண்டாம், வில்லியம்ஸ்போர்ட்டின் ஆக்ஸ்மன்-ஆண்டர்சன் போன்ற கரிக் கொதிகலன்தான் பொருத்தம். அது தனிக் கதை.

தட்டியை ஆட்டிப் பாருங்கள்

கையால் போடும் இரண்டு வகையிலும், கடையில் யாரும் சோதிக்காத ஓர் உறுப்புதான் தினமும் இரண்டு முறை உங்கள் கைக்கு வரப்போகிறது. அதிகாலை ஐந்தரை மணிக்கு அடுப்பின் முன் குந்தி, ஆட்டும் கைப்பிடியைச் சொருகி, குறுகிய வீச்சில் வெடுக் வெடுக்கென்று இழுக்க வேண்டும். முதலில் வெளிறிய சாம்பல் பொலபொலவென்று கொட்டும். பிறகு கீழே இருக்கும் சாம்பல் தட்டின் மீது சிவந்த ஒளி மெல்லப் படரும். ஓரிரு கங்கு விழுந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஆட்டினால் நெருப்பே கீழே போய்விடும், அதற்கு முன்பே நிறுத்தினால் சாம்பல் அடைத்து மாலைக்குள் அவிந்துவிடும். விறகடுப்பில் பழகிய கை, மேலிருந்து கம்பியை விட்டுக் கிளறத் துடிக்கும். கிளறவே கூடாது, நீறு பூத்து அமைதியாகக் கிடக்கும் ஆந்த்ரசைட்டை மேலிருந்து கலைத்தால் அது மறுபடி பிடிப்பது அரிது.

ஆகவே கடையில் அந்தக் கைப்பிடியைக் கேட்டு வாங்கி ஆட்டிப் பாருங்கள். கதவை மூடியபடி ஆட்ட முடிகிறதா, தட்டியின் நான்கு மூலையிலும் சாம்பல் விழ வழி இருக்கிறதா என்று கவனியுங்கள். மூலையில் சாம்பல் தங்கும் அடுப்பு மூன்றாம் நாளே தொல்லை தரத் தொடங்கும். சாம்பல் தட்டின் கொள்ளளவும் முக்கியம். ஆந்த்ரசைட் எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பலாகும் என்று கொண்டால், 60 பவுண்டு எரியும் நாளில் ஆறேழு பவுண்டு. ஒரு நாள் சாம்பலைத் தாங்காத தட்டு நிரம்பித் தட்டியைத் தொட்டால், தட்டி சூடேறி வளைந்துவிடும்.

புகைபோக்கி

எத்தனை நல்ல அடுப்பானாலும் புகைபோக்கி இழுக்காவிட்டால் எரியாது. இழுப்பு என்பது புகைபோக்கியின் உயரத்தையும், உள்ளேயும் வெளியேயும் உள்ள வெப்ப வித்தியாசத்தையும் பொறுத்தது. வெளியே 50 பாகை இருக்கும் நாளில் அது தானாகவே தளர்ந்துவிடும். பெரிய அடுப்பைத் தணித்து எரிக்கும்போது அவிந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். அடுப்பில் புகை வெளியேறும் வாய் 6 அங்குலமாயிருக்க உங்கள் புகைபோக்கி உட்புறம் 12 அங்குலச் சதுரமாக இருந்தால், புகை உள்ளேயே குளிர்ந்துபோகும். கரிக்கு ஏற்ற துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒன்றை உள்ளே இறக்குவது பற்றிப் புகைபோக்கி வேலை தெரிந்தவரிடம் முதலில் பேசுங்கள். இழுப்பு மிகுதியானால் தானே திறந்து காற்றை விடும் பாரோமெட்ரிக் டேம்பர் ஒன்றையும், இழுப்பைக் காட்டும் மனோமீட்டர் ஒன்றையும் அடுப்போடு சேர்த்தே வாங்குவது நல்லது. இழுப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது அடுப்போடு வரும் கையேட்டில் இருக்கும்; சுவரிலிருந்து விட வேண்டிய இடைவெளியும் அதில்தான் இருக்கும். 400 பவுண்டைத் தாண்டும் அடுப்புகள் சாதாரணம் என்பதால், மரத்தளத்தின் வலுவையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இந்தக் கரியில் புகை தெரியாது, மணமும் அதிகம் இல்லை, அதுவே ஆபத்து. அடுப்பு இருக்கும் தளத்தில் ஒன்றும், படுக்கையறைகளுக்கு அருகில் ஒன்றுமாகக் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவி இல்லாமல் முதல் நெருப்பை மூட்டாதீர்கள். புதுக் கரி போடும்போது, ஒரு மூலையில் சிவந்த கங்கைத் திறந்தபடி விட்டுவிட வேண்டும். கரியிலிருந்து எழும் வாயு அந்தக் கங்கில் பற்றி நீலச் சுடர்களாக ஆடும். இங்குள்ளவர்கள் அவற்றை நீலப் பெண்கள் என்பார்கள். கங்கு முழுவதையும் மூடிவிட்டால் வாயு சேர்ந்து, பிறகு ஒரே நேரத்தில் பற்றிக் கதவைத் தூக்கியடிக்கும்.

பழைய அடுப்பு வாங்குகிறவர்களுக்கு

பாதி விலைக்குக் கிடைக்கும் பழைய அடுப்பை நான் ஒருபோதும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். என் இரண்டாவது அடுப்பே அப்படி வந்ததுதான். கைவிளக்கோடு போங்கள். வெப்பத்தால் தட்டி நடுவில் தொய்ந்திருக்கிறதா, சாம்பல் அறையின் பின்சுவரும் பற்றவைப்பு விளிம்புகளும் துருவால் மெலிந்திருக்கின்றனவா என்று தட்டிப் பாருங்கள். துரு வருவது குளிர்காலத்தில் அல்ல. கரிச்சாம்பலில் கந்தகம் இருப்பதால், வசந்தத்தில் துடைக்காமல் விட்ட அடுப்பும் குழாயும் கோடை ஈரத்தில் அமிலம் ஊறி அரிக்கப்படுகின்றன. வெடித்த நெருப்புச் செங்கல்லும் நைந்த கதவுக் கயிறும் பொருட்டல்ல, மலிவாக மாற்றிவிடலாம். தட்டிதான் பொருட்டு. அதன் அடிப்பக்கத்தில் வார்த்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு போய், அதே தட்டி இன்றும் வார்க்கப்படுகிறதா என்று உதிரிப் பாகம் விற்பவரிடம் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு முன்பணம் கொடுங்கள்.